பட்டம் போதுமா?



சென்ற மாதம் ஒரு கிராமத்தில் கூட்டம் முடிந்து மேடையைவிட்டு இறங்கியவுடன், நெசவுத் தொழில் செய்யும் ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார். "அய்யா, என் மகள் எம்.எஸ்ஸி. தேறிவிட்டாள். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்தவள் அவள் ஒருத்திதான். இப்போது, ஆராய்ச்சி செய்யப் போகிறேன், இன்னும் நாலைந்து வருஷம் ஆகும் என்கிறாள். இத்தனை நாள் படித்தது போதாதா? உறவுமுறையார் எல்லாம் சிரிக்கிறார்கள். நீங்கள்தான் ஒரு வார்த்தை சொல்லவேண்டும்" என்றார். எனக்கு வண்டிக்கு நேரமாகிவிட்டபடியால், "படிக்கட்டும் அய்யா, தடுக்காதீர்கள்" என்று மாத்திரம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வழியெல்லாம் அது எனக்கே வெட்கமாயிருந்தது. காரணம் சொல்லாமல் "இப்படிச் செய்" என்பது புரோகிதன் வேலையே ஒழிய, பகுத்தறிவு பேசுகிறவன் வேலையல்ல. ஆகவே அன்று அவருக்குச் சொல்லியிருக்கவேண்டிய காரணங்களை இங்கு எழுதுகிறேன். அவரைப் போலவே யோசித்துக்கொண்டிருக்கும் தகப்பன்மாரும் தாய்மாரும் ஆயிரக்கணக்கில் இருப்பார்களாதலால், எல்லோரும் கேட்டு, சரி என்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள். தப்பு என்று பட்டால் தள்ளிவிடுங்கள்.

முதலாவது, இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஓர் அச்சுக்கூடத்தில் கூலிக்குச் சேர்ந்து, அங்கு அச்சாகி வந்த காகிதங்களையும், ஊர் வாசகசாலையில் கிடைத்த புஸ்தகங்களையும் படித்தே நாலு விஷயம் தெரிந்துகொண்டவன். அப்படிப்பட்டவனுக்கு என்ன குறை உண்டாகும் என்பது எனக்குத்தான் தெரியும்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கூட்டத்தில், ஒரு துண்டுப் பிரசுரத்தில் படித்த ஒரு கணக்கை நான் அடித்துப் பேசினேன். ஜனங்கள் கைதட்டினார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒரு வாலிபர் எழுந்து, "இந்தக் கணக்கை எடுத்தவர் யார்? எந்த வருஷத்தில் எடுத்தார்? எத்தனை பேரை விசாரித்து எடுத்தார்?" என்று மூன்று கேள்விகள் கேட்டார். மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. "புஸ்தகத்தில் போட்டிருக்கிறது" என்றேன். கூட்டம் சிரித்தது. சாஸ்திரி ஒருவர் "சாஸ்திரத்தில் போட்டிருக்கிறது" என்று சொல்லும்போதெல்லாம் நான் எத்தனை தடவை சிரித்திருக்கிறேன்! அன்றைக்கு நானே சாஸ்திரியாகிவிட்டேன். பிறகு விசாரித்ததில் அந்தக் கணக்கு தப்பு என்றே தெரிந்தது. அதைத் தெரிந்துகொள்ளவும் எனக்கு ஆறு மாதம் பிடித்தது. அதுவும் அந்த வாலிபரின் உதவியினால்தான். அவர் ஒரு சர்வகலாசாலையில் ஆராய்ச்சி மாணவராய் இருந்தவர். எனக்கும் அவருக்கும் புத்தியில் வித்தியாசமில்லை. ஒரு சங்கதியைச் சோதித்துப் பார்க்கும் வழி அவருக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டிருந்தது, எனக்குக் கற்றுக்கொடுக்கப்படவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆராய்ச்சி என்றால் என்ன?

நெசவாளி அய்யா அவர்களே! சாயம் நிற்கும் என்று கடைக்காரன் சொன்னால் நீங்கள் நம்பிவிடுகிறீர்களா? இல்லையே! ஓர் இழையை எடுத்துத் தண்ணீரில் அலசி, வெயிலில் போட்டுப் பார்த்த பிறகல்லவா நம்புகிறீர்கள்? அதுதான் ஆராய்ச்சி. காலேஜ் படிப்பு என்பது பிறர் சோதித்துச் சொன்ன முடிவைத் தெரிந்துகொள்ளுவது. அதுவும் வேண்டியதுதான், அதில்லாமல் மேலே போகமுடியாது. ஆனால் ஆராய்ச்சிப் படிப்பு என்பது, இதுவரை யாரும் சரியாய்ப் பதில் சொல்லாத ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, தானே சோதித்து, தானே பதில் கண்டு, அந்தப் பதிலைப் பிறர் குத்திக்கிளறிப் பார்க்கும்படி அவர்கள் முன் வைப்பதாகும்.

நம் நாட்டில் 1857-ம் வருஷத்தில் சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்று ஊர்களில் சர்வகலாசாலைகள் ஏற்பட்டன. அவை லண்டன் சர்வகலாசாலையின் மாதிரியில், காலேஜ்களைச் சேர்த்துக்கொண்டு பரீட்சை வைத்துப் பட்டம் கொடுப்பதற்கென்றே ஏற்பட்டவை. 1904-ம் வருஷத்துச் சட்டம் வந்த பிறகுதான் அவை தாமே கற்பிக்கவும் ஆராய்ச்சி நடத்தவும் வழி பிறந்தது. ஆகவே சர்வகலாசாலை என்றால் பரீட்சை, பரீட்சை என்றால் பட்டம், பட்டம் என்றால் உத்தியோகம் என்ற எண்ணம் நம்மவர் மனத்தில் அன்றே ஊறிவிட்டது. இன்னும் அது போகவில்லை.

ஆனால் வேறுவிதமான சர்வகலாசாலையும் உலகத்தில் உண்டு. 1810-ல் ஜெர்மனியில் பெர்லின் நகரத்தில் ஏற்பட்ட சர்வகலாசாலையின் கொள்கை என்னவென்றால், அறிவு என்பது முடிந்துபோன சொத்து அல்ல, உபாத்தியாயரும் மாணவரும் சேர்ந்து தேடிக்கொண்டே இருக்கவேண்டிய பொருள் என்பதாகும். அமெரிக்காவில் 1876-ல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலை இதே முறையை அங்கே ஊன்றியது. இப்படிப்பட்ட இடத்தில் "குரு சொன்னார்" என்பது பதிலாகாது. குரு சொன்னதற்கும் அத்தாட்சி கேட்கப்படும். மாணவன் எழுதிய ஆராய்ச்சியை வெளி சர்வகலாசாலையிலுள்ளவர்களும் பரிசோதிப்பார்கள். பிறகு அவன் பலர் முன்னிலையில் நின்று கேள்விகளுக்குப் பதில் சொல்லவேண்டும். நாலைந்து வருஷம் ஆவது இதற்காகத்தான். சோம்பலினால் அல்ல.

பி.ஏ.வோடு நின்றிருந்தால்?

நிற்க. இதனால் என்ன பலன் என்று கேட்பீர்கள். ஒருவருடைய சரித்திரத்தைச் சொல்லுகிறேன்.

டாக்டர் அம்பேத்கர் பம்பாயில் பி.ஏ. தேறியபோது, தீண்டப்படாத வகுப்பிலிருந்து அந்தப் படிப்பு வரையில் வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஏதாவது ஒரு கச்சேரியில் ஓர் உத்தியோகத்தில் உட்கார்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் அவர் பரோடா மன்னரின் உதவிச் சம்பளத்தைப் பெற்று, 1913-ல் அமெரிக்காவில் நியூயார்க் நகரத்திலுள்ள கொலம்பியா சர்வகலாசாலைக்குச் சென்றார். 1915-ல் எம்.ஏ. தேறினார். 1916-ம் வருஷம் மே மாதம், தமது இருபத்தைந்தாம் வயதில், அங்கு நடந்த மானிட சாஸ்திர வகுப்பில் இந்தியாவின் சாதிகளைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார்.

அதற்கு முன் சாதியைப் பற்றிப் பேசினவர்களில் பலர் ஒன்று அதைப் புகழ்ந்தார்கள், அல்லது திட்டினார்கள். அவரோ சாதி என்பது எந்த யந்திரத்தினால் ஓடுகிறது என்று திறந்து பார்த்தார். தன் சாதிக்குள்ளேயே கலியாணம் என்ற ஏற்பாடுதான் அந்த யந்திரம் என்றும், உடன்கட்டை ஏற்றுவதும், விதவையை மூலையில் உட்காரவைப்பதும், பச்சைக் குழந்தைக்குத் தாலி கட்டுவதும் அந்த ஏற்பாட்டைக் காப்பதற்காகவே ஏற்பட்டவை என்றும் எடுத்துக்காட்டினார்.

இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். மனு என்ற ஒருவன் உட்கார்ந்து எழுதி சாதியை உண்டாக்கிவிட்டான் என்பதையும், பார்ப்பனர்கள் மாத்திரமே அதை மற்றவர்கள்மேல் சுமத்திவிட்டார்கள் என்பதையும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. முதலில் புரோகித வகுப்பு தன் கதவைச் சாத்திக்கொண்டது, அதைப் பார்த்து மற்றவர்களும் தங்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள் என்றார். இது நம் மேடைகளில் சுலபமாய்க் கைதட்டல் வாங்கித்தரும் பேச்சல்ல. சாதியினால் அவரைவிட அதிகம் அடிபட்டவர் யார்? அவருக்கு மனுவின்மேல் இல்லாத கோபமா? கோபம் இருந்தும், தமக்குப் பிடித்த பதிலைச் சொல்லாமல் சோதித்ததில் கிடைத்த பதிலைச் சொன்னார். நம் கையிலும் ஒரு கதவு இருக்கிறது, அதை நாம்தான் திறக்கவேண்டும் என்ற உண்மை அதிலிருந்தல்லவா கிடைத்தது? ஆராய்ச்சிப் படிப்பினால் மனிதனுக்கு வரவேண்டிய நேர்மை இதுதான். எதிரியின் பொய்யை உடைப்பது எளிது. நம் பக்கத்துப் பொய்யையும் உடைக்கத் துணிகிறவன்தான் பகுத்தறிவுவாதி.

பிறகு அவர் லண்டன் பொருளாதாரக் கலாசாலையில் ரூபாய் நாணயத்தின் பிரச்னையைப் பற்றி ஆராய்ந்தார். அது 1923-ல் புஸ்தகமாய் வந்தது. அதே வருஷத்தில் லண்டனில் டி.எஸ்ஸி. பட்டமும் கிடைத்தது. அந்தப் புஸ்தகத்தில், கெயின்ஸ் என்ற பேர்பெற்ற பொருளாதார நிபுணர் ஆதரித்த நாணய முறையை அவர் மறுத்து எழுதினார். அதைவிட விசேஷம் என்னவென்றால், அதற்கு முன்னுரை எழுதிய அவருடைய உபாத்தியாயர் எட்வின் கானன், மாணவருடைய வாதங்களில் பெரும்பாலானவற்றைத் தாம் ஏற்கவில்லை என்பதை அந்த முன்னுரையிலேயே எழுதினார். அப்படியிருந்தும் புஸ்தகத்தின் தரத்தைப் பாராட்டினார். நம் நாட்டுக் கதைகளில் வரும் குருவாயிருந்தால் கட்டைவிரலையல்லவா கேட்டிருப்பார்! 1925-ல் இந்திய நாணய விஷயமாய் விசாரித்த ராயல் கமிஷன் முன்பு டாக்டர் அம்பேத்கர் சாட்சியம் சொன்னார். மனு கொடுத்துக் கும்பிட்டு நிற்கும் ஆளாய் அவர் அங்கு போகவில்லை. அந்த விஷயத்தைக் கரைத்துக் குடித்த நிபுணராய்ப் போனார். பி.ஏ.வோடு நின்றிருந்தால் இது நடந்திருக்குமா?

நாணலும் கரும்பும்

இது ஆண்பிள்ளைக்கும் அமெரிக்காவுக்கும் சரி, என் மகளுக்கு என்ன என்று கேட்கலாம். 1912-ல் கோயமுத்தூரில் கரும்பு அபிவிருத்தி நிலையம் ஏற்பட்டது. அங்கே தித்திப்பான சீமைக் கரும்பையும், ஆற்றோரத்தில் கவனிப்பாரற்று முளைக்கும் நாணல் போன்ற காட்டுப் புல்லையும் கலந்து, கோ 205 என்ற புது ரகம் உண்டாக்கினார்கள். 1918-ல் அது பயிருக்குக் கொடுக்கப்பட்டது. வட இந்தியக் குளிரையும் வறட்சியையும் தாங்கி அது வளர்ந்தது. உயர்ந்த சாதி, தாழ்ந்த சாதி என்று பிரித்துவைத்த இரண்டைக் கலந்தால் நாசம் வரும் என்று மனிதர் விஷயத்தில் பிரசங்கம் செய்கிறவர்கள், காப்பியில் போடும் சர்க்கரையைப் பார்த்தாவது வெட்கப்படட்டும்.

அந்த நிலையத்தில் 1930-களில் வேலை செய்து, கரும்பின் உள்ளமைப்பை ஆராய்ந்தவர்களில் ஒருவர் தோழர் ஜானகி அம்மாள். 1897-ல் தலைச்சேரியில் பிறந்து, சென்னையில் படித்து, அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலைக்குச் சென்று, 1931-ல், முப்பது வயதைத் தாண்டிய பிறகு, டாக்டர் பட்டம் பெற்றவர். "பெண்ணுக்கு வயதாகிறதே!" என்று அன்றைக்கும் ஊர் பேசாமலா இருந்திருக்கும்? அவர் டார்லிங்டன் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து, பயிர்ச் செடிகளின் குரோமோசோம்களைப் பற்றி 1945-ல் வெளியிட்ட புஸ்தகம் உலகத்துத் தாவர விஞ்ஞானிகளின் மேஜைக்குப் போயிற்று. கலியாணம் ஒன்றுதான் பெண்ணின் பிறவிப் பயன் என்கிறவர்கள் இதற்கு என்ன பதில் சொல்லுகிறார்கள்?

அங்கேயும் சாதி இல்லையா?

இருக்கிறது. ஒளிக்கவேண்டிய அவசியமில்லை. 1933-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஆராய்ச்சிக்கு மனு போட்ட தோழர் கமலா சோஹோனியை, பெண் என்ற காரணத்தினால் சேர்க்க மறுத்தார்கள். மறுத்த தலைவர் வேறு யாருமல்ல, நோபெல் பரிசு பெற்ற சர் சி.வி. ராமன்தான். ஒளிக்கதிரின் ரகசியத்தைக் கண்டவருக்குத் தம் மனத்திலிருந்த இருட்டு தெரியவில்லை! அந்தப் பெண் விடவில்லை. நிபந்தனைகளை ஒப்புக்கொண்டு சேர்ந்து, வேலையைக் காட்டி ஜெயித்து, 1939-ல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டமும் பெற்றார். அவருக்குப் பின் மற்றப் பெண்களுக்கும் கதவு திறந்தது.

டாக்டர் அம்பேத்கர் மேல்படிப்புப் படித்துவிட்டு 1917-ல் பரோடாவுக்கு உத்தியோகம் பார்க்க வந்தபோது, குடியிருக்க ஓர் இடம் கிடைக்காமல், தங்கியிருந்த விடுதியிலிருந்தும் தடியோடு வந்தவர்களால் துரத்தப்பட்டார். நம் காலத்திலேயே, ஹைதராபாத் சர்வகலாசாலையில், விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட ஆராய்ச்சி மாணவர் ரோகித் வெமுலா 2016-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் உயிரை விட்டார். இவற்றையெல்லாம் தெரிந்துகொண்டே அனுப்புங்கள் என்றுதான் சொல்லுகிறேன். குளத்தில் முதலை இருக்கிறது என்று நாம் கரையிலேயே நின்றால் குளம் முதலைக்கே சொந்தமாகிவிடும். ஆனால் பிள்ளையைத் தனியாய் இறக்கிவிட்டு வேடிக்கை பார்க்கவும் கூடாது. வாரத்திற்கு ஒரு தடவை பேசுங்கள். "பட்டம் இல்லாமல் வந்தாலும் வீடு உன்னுடையதுதான்" என்று முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள். அந்த ஒரு வார்த்தை உயிரைக் காக்கும்.

சம்பளக் கணக்கு

பணத்தைப் பற்றியும் பொய் சொல்லமாட்டேன். ஆராய்ச்சிப் படிப்பினால் பணக்காரனாகலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எம்.எஸ்ஸி.யோடு வேலைக்குப் போன சிநேகிதி வீடு கட்டிக்கொண்டிருக்கும்போது, உங்கள் மகள் விடுதியில் ஒரு கட்டிலோடு இருப்பாள். 2022-ம் வருஷத்து விதிகளின்படி இந்தப் படிப்பு மூன்று வருஷத்திற்குக் குறையாமலும், சாதாரணமாய் ஆறு வருஷத்திற்கு மேற்படாமலும் நடக்கவேண்டும். ஆனால் பிச்சையெடுத்துப் படிக்கவேண்டியதில்லை. நெட் என்னும் பரீட்சையில் முன்வரிசையில் தேறி உதவிச் சம்பளம் பெறுகிறவர்களுக்கு, 2023-ம் வருஷம் ஜனவரி முதல் ஆரம்பத்தில் மாதம் 37,000 ரூபாய் என்று நிர்ணயித்திருக்கிறார்கள். தேறுகிறவர்கள் எல்லோருக்கும் அது கிடைக்காது. கிடைக்கிறவர்களுக்கும் மாதாமாதம் ஒழுங்காய் வருவதில்லை என்று மாணவர்கள் முறையிடுகிறார்கள். ஆகவே உதவிச் சம்பளம் உறுதியான பிறகு போவதே புத்திசாலித்தனம்.

அன்றியும், ஆராய்ச்சி என்ற பேரால் நடக்கும் பித்தலாட்டமும் கொஞ்சமல்ல. பணம் கொடுத்து எழுதி வாங்குவதும், பிறர் எழுதியதைப் பார்த்து எழுதுவதும், மாணவனைக் காய்கறி வாங்க அனுப்பும் உபாத்தியாயர்களும் உண்டு. சாதிப் பட்டத்தைப் பேருக்குப் பின்னால் போட்டுக்கொண்டது போதாதென்று, முன்னால் ஒரு "டாக்டர்" பட்டத்தை மாட்டிக்கொள்ளவே சிலர் போகிறார்கள். அப்படிப்பட்ட பட்டத்திற்காக உங்கள் மகள் ஒரு நாளைக்கூட வீணாக்கவேண்டாம்.

ஆகவே சேருவதற்கு முன் அவள் நாலு விஷயங்களை விசாரிக்கட்டும். வழிகாட்டும் உபாத்தியாயர் கடந்த சில வருஷங்களில் தாமே ஏதாவது ஆராய்ந்து வெளியிட்டிருக்கிறாரா? அவரிடம் முன்பு சேர்ந்தவர்கள் முடித்து வெளியேறினார்களா? பரிசோதனைச் சாலையும் புஸ்தகசாலையும் பேருக்கு இருக்கின்றனவா, வேலைக்கு இருக்கின்றனவா? "நீங்கள் சொல்லுவது தப்பு" என்று மாணவர் அவரிடம் சொன்னால் அவர் என்ன செய்கிறார்? இவற்றை அங்கு படிக்கும் மாணவர்களிடமே கேட்டால் தெரிந்துவிடும். கடைசிக் கேள்விதான் முக்கியம். மறுத்துப் பேச இடமில்லாத சர்வகலாசாலை, எவ்வளவு பெரிய கட்டடமாயிருந்தாலும் மடமே ஒழிய சர்வகலாசாலையல்ல.

எதற்காக நம்மவர்?

முடிவாய் ஒன்று சொல்லுகிறேன். உலகத்தில் கேட்கப்படும் கேள்விகளெல்லாம், கேட்கிறவனுக்கு எது வலிக்கிறதோ, எது ஆச்சரியமாயிருக்கிறதோ அதைப் பற்றியே இருக்கும். சாயப்பட்டறைத் தண்ணீர் கிணற்றுக்குள் இறங்குவதும், தறிக் குழியில் உட்கார்ந்தே முதுகு ஒடிவதும், மானத்தைப் பார்த்து விதைத்து மண்ணாய்ப் போவதும் யாருக்குத் தெரியும்? உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் தெரியும். அவர்கள் ஆராயப் போகாவிட்டால், தறிக் குழியையே பார்த்திராத ஒருவன் உங்களைப் பற்றி எழுதுவான். அதைச் சர்க்கார் நம்பும். உங்கள் பேரப் பிள்ளைகள் அதையே பாடமாய் மனப்பாடம் செய்வார்கள். இத்தனை காலமாய் நம்மைப் பற்றிப் பிறர் எழுதி வைத்ததை நாம் படித்துக்கொண்டிருந்தது போதாதா?

பெரியவரே! உங்கள் மகளைப் பார்த்து உறவுமுறையார் சிரிக்கிறார்கள் என்றீர்கள். அவள் பாட்டி ரவிக்கை போட்டபோதும் சிரித்தார்கள். அவள் பள்ளிக்கூடம் போனபோதும் சிரித்தார்கள். சிரித்தவர்களின் பேத்திகள் இன்று காலேஜில் படிக்கிறார்கள். ஆகவே ஜோசியனிடம் போகாதீர்கள். உறவுமுறையாரிடமும் யோசனை கேட்காதீர்கள். இன்று இரவு அவளை எதிரில் உட்காரவைத்து, "அம்மா, நீ எந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போகிறாய்?" என்று கேளுங்கள். அவள் சொல்லுவது முழுவதும் உங்களுக்கு விளங்காமல் போகலாம், எனக்கும் விளங்காது. ஆனால் அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பாருங்கள். அந்தக் கேள்வி அவளுக்குச் சொந்தமானது என்று உங்களுக்குப் பட்டால், மறுநாளே பெட்டியைக் கட்டிக்கொடுத்து அனுப்பிவையுங்கள். நான் அடுத்த தடவை உங்கள் ஊருக்கு வரும்போது, நான் பேசுவதில் தப்பு கண்டுபிடிக்க அவளும் கூட்டத்தில் இருக்கவேண்டும் என்பதே என் ஆசை.